மரணத்தின் பின் கண் தானம்: வீட்டிலே பேசி முடிக்க வேண்டிய ஒரு விடயம்

 

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் எமது உயிரிலும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

இன்று நான் உங்களுடன் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விடயம், நம்மில் பலர் பேச விரும்பாத ஒன்றாகும். மரணித்த பின் நம் கண்களை, சரியாகச் சொல்வதானால் கண்ணின் முன்புறத்திலுள்ள விழிவெண்படலத்தை, பார்வையற்ற ஒருவருக்குக் கொடுக்கலாமா? கொடுப்பதாயின் அதை எப்போது, யாருடன் கலந்து தீர்மானிக்க வேண்டும்? இந்தக் கேள்வியை நான் தேடிச் செல்லவில்லை. ஒரு வாலிபர் அதை என்னிடம் கொண்டு வந்தார்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் கிழக்கு மாகாணத்தில் ஒரு பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்து நான் வெளியே வரும்போது, இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு மகன் ஸலாம் கூறி என் அருகில் வந்தார். அவருடைய வாப்பா ஒரு விவசாயி. அறுவடைக் காலத்தில் நெற்தாளின் நுனி ஒன்று அவருடைய வலக் கண்ணில் கீறிவிட்டது. சின்னக் கீறல்தானே என்று வீட்டு வைத்தியம் பார்த்தார்கள். கடையில் கேட்டு வாங்கிய மருந்தை விட்டார்கள். வாரங்கள் கடந்தன. கண் புண்ணாகி, புண் ஆறிய இடத்தில் வெள்ளைத் தழும்பு விழுந்தது. மற்றக் கண்ணிலும் முன்பிருந்தே பார்வை குறைவு. வரம்பில் நடக்கவும் மகனின் தோளைப் பிடிக்க வேண்டிய நிலை வந்தது. பின்னர் கொழும்பிலே சத்திரசிகிச்சை செய்து, மரணித்த ஒருவருடைய விழிவெண்படலத்தை அந்தக் கண்ணில் பொருத்தினார்கள். அல்லாஹ்வின் அருளால் பார்வை திரும்பியது.

இவ்வளவையும் கூறிவிட்டு அந்த மகன் என்னிடம் கேட்டார்: "மௌலவி, வாப்பாவுக்கு அந்தக் கண் கிடைத்தது ஆகுமானதா?"

"ஆகும். அது நிர்ப்பந்தம்" என்றேன்.

"அப்படியானால் நான் மௌத்தானால் என்னுடைய கண்ணைக் கொடுக்கலாமா?"

நான் யோசிக்காமல், "அது நம்மீது கடமையில்லை மகன், விட்டுவிடுங்கள்" என்று கூறினேன். அவர் சற்று நேரம் மௌனமாக நின்றார். பிறகு மிகவும் மரியாதையுடன், "கொடுப்பவர் ஒருவர் இல்லாமல் என் வாப்பா எப்படிப் பெற்றிருப்பார், மௌலவி?" என்று கேட்டார்.

அன்பானவர்களே! அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. அவசரமாக வந்த என் பதிலை எண்ணி வெட்கப்பட்டேன். கிதாபுகளையும் அறிஞர்களின் தீர்மானங்களையும் புரட்டிப் பார்த்தேன். வைத்தியர்களிடம் விளக்கம் கேட்டேன். அதன் பின்னர் அறிந்துகொண்டவற்றைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் விழிவெண்படலம் என்றால் என்னவென்று பார்ப்போம். கோர்னியா என்று வைத்தியர்கள் கூறும் இது, கண்ணின் முன்னால் கடிகாரத்தின் கண்ணாடி போன்று அமைந்த ஒளி ஊடுருவும் படலமாகும். நடுப்பகுதியில் அதன் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர்தான். வெளிச்சம் தடையின்றிச் செல்வதற்காக வல்ல நாயன் அதில் இரத்தக் குழாய்களையே வைக்கவில்லை. இதனால் ஏனைய உறுப்புகளைப் போல இரத்த வகை பொருந்துகிறதா என்ற கவலையும் பெரும்பாலும் இல்லை. காயத்தாலோ கிருமியாலோ இப்படலம் மங்கிவிட்டால், உள்ளே கண் முழுவதும் நலமாக இருந்தாலும் மனிதனுக்குப் பார்வை இல்லை. மூடுபனி படிந்த கண்ணாடி வழியே பார்ப்பது போன்ற நிலை அது. தெளிந்த படலம் ஒன்றை மாற்றிப் பொருத்தினால் பார்வை திரும்ப வாய்ப்புண்டு. ஒருவர் மரணித்தால் அவருடைய இரண்டு கண்களும் இரண்டு பேருக்குப் பயன்பட முடியும்.

இச்சிகிச்சை புதியதன்று. 1905 டிசம்பரில் மொராவியாவின் ஒலமுட்ஸ் நகரில் எட்வார்ட் சிர்ம் என்ற வைத்தியர் முதன்முதலாக ஒரு மனிதருடைய விழிவெண்படலத்தை இன்னொருவருக்கு வெற்றிகரமாகப் பொருத்தினார். நூற்றாண்டுக்கு மேலாகியும் இன்றுவரை, படலம் முழுவதும் கெட்டுவிட்ட பெரும்பாலானோருக்கு மற்றொரு மனிதர் விட்டுச் சென்ற படலமே மருந்தாக இருக்கிறது.

இந்த விடயத்தில் நம் நாட்டுக்கு உலகில் தனி இடமுண்டு. வைத்தியர் ஹட்சன் சில்வா அவர்கள் 1961ஆம் ஆண்டு இலங்கைக் கண் தானச் சங்கத்தை ஆரம்பித்தார். 1964இல் முதன்முறையாக வெளிநாட்டுக்கு, சிங்கப்பூருக்கு, இங்கிருந்து கண்கள் அனுப்பப்பட்டன. அன்று தொடங்கிய அந்தப் பணி பல பத்து நாடுகளுக்குப் பரவியது. முன்னாள் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தன அவர்கள் 1996இல் காலமானபோது அவருடைய கண்களும் தானமாக வழங்கப்பட்டன. பெரும்பாலும் நம் நாட்டுப் பௌத்த மக்களே இந்தத் தானத்தில் முன்னிற்கின்றனர் என்பதை நாம் நன்றியுடன் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

நாம் அறிய வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. இலங்கையிலிருந்து கண்களைப் பெற்ற நாடுகளுள் எகிப்தும் பாகிஸ்தானும் அடங்கும். 1967 தொடக்கம் ஏறத்தாழ 35,000 விழிவெண்படலங்கள் இலங்கையிலிருந்து பாகிஸ்தானுக்குக் கிடைத்திருப்பதாக அந்நாட்டுக் கண் வைத்தியத் துறையினர் 2021இல் தெரிவித்தனர். அப்படியானால் இன்று குர்ஆனை விரித்து ஓதுகின்ற, பிள்ளைகளின் முகத்தைக் காண்கின்ற எத்தனை ஆயிரம் முஸ்லிம்களின் பார்வை, முகம் தெரியாத ஒருவர் விட்டுச் சென்ற பொருளால் கிடைத்தது! அந்த வாலிபரின் வாப்பாவும் அவர்களுள் ஒருவர்.

இனி, நமது சமூகத்தின் தயக்கத்துக்கு வருவோம். அந்தத் தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது நியாயமன்று. ஆதமுடைய மக்களைக் கண்ணியப்படுத்தியிருப்பதாக அல்லாஹ் ஸூரத்துல் இஸ்ராவில் அறிவிக்கின்றான். மரணித்தவரின் எலும்பை முறிப்பது, உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதைப் போன்றது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருக்கின்றார்கள். மையித்தை மெதுவாகக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுவித்து, தோளில் சுமந்து மண்ணிடம் ஒப்படைக்கும் சமூகம் நாம். 2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றினால் மரணித்த நம்மவர்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டபோது நம் உம்மாமார் வடித்த கண்ணீர் இன்னும் காயவில்லை. 2021 மார்ச் மாதத்தில் ஓட்டமாவடி மண்ணில் அடக்குவதற்கு இடம் கிடைத்தபோதுதான் பல குடும்பங்கள் மூச்சுவிட்டன. இப்படிப்பட்ட சமூகத்திடம் வந்து, "மையித்தில் கத்தி வைக்க வேண்டும்" என்று ஒருவர் கூறினால் நெஞ்சு பதறுவது இயல்பே. அந்தப் பதற்றம் ஈமானிலிருந்து எழுவதே.

ஆனால் பதற்றத்தை மட்டும் வைத்து மார்க்கத் தீர்ப்பு வழங்க முடியாது. உலமாக்கள் என்ன கூறியிருக்கின்றார்கள்?

இதில் இரண்டு கருத்துகள் உள்ளன. முதலாவது கருத்தினர் கூடாது என்கின்றனர். பாகிஸ்தானின் பெரும் அறிஞர் முப்தி முஹம்மத் ஷபீஃ (ரஹ்) அவர்கள் இக்கருத்தைக் கொண்டவர். நமது உடல் நமக்குச் சொந்தமானதன்று, அது அல்லாஹ் தந்த அமானிதம். நமக்குச் சொந்தமில்லாத ஒன்றை நாம் எப்படி வஸிய்யத் செய்ய முடியும் என்பது இவர்களுடைய ஆதாரமான வாதம். மனித உறுப்புகள் சந்தைச் சரக்காகிவிடும் என்ற அச்சமும் அவர்களுக்கு உண்டு. இந்திய இஸ்லாமிய பிக்ஹ் அகடமியும் 1989ஆம் ஆண்டில், மரணத்தின் பின் உறுப்புகளைக் கொடுக்கும்படி கூறுவது ஷரீஆ கருதும் வஸிய்யத்தாக அமையாது என்ற நிலைப்பாட்டையே எடுத்தது.

இரண்டாவது கருத்தினர் நிபந்தனைகளுடன் ஆகும் என்கின்றனர். எகிப்தின் முப்தியாக இருந்த ஷெய்க் ஹஸன் மஃமூன் (ரஹ்) அவர்கள் 1959ஆம் ஆண்டிலேயே மரணித்தவரின் கண்ணைப் பயன்படுத்தி உயிருள்ளவருக்குப் பார்வை அளிப்பதை அனுமதித்துப் பத்வா வழங்கினார்கள். மலேசியாவின் தேசிய பத்வாக் குழு 1970இல் கண் மாற்றுச் சிகிச்சையை அனுமதித்தது. சவூதி அரேபியாவின் மூத்த அறிஞர்கள் சபை 1982இல் உறுப்பு தானத்துக்கு அனுமதி வழங்கியது. 1988 பெப்ரவரியில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, தன் 26ஆம் இலக்கத் தீர்மானத்தில் இதனை விரிவாக ஆராய்ந்தது. ஒருவரின் உயிரோ, உடலின் அடிப்படையான ஒரு செயற்பாடோ அதில் தங்கியிருக்குமானால், மரணித்தவரிடமிருந்து உறுப்பை எடுத்துப் பொருத்தலாம். அதற்கு மரணித்தவர் தன் வாழ்நாளில் அனுமதித்திருக்க வேண்டும், அல்லது அவருடைய வாரிசுகள் அனுமதிக்க வேண்டும் என்று அது தீர்மானித்தது. உறுப்பை விற்பனை செய்வது எந்த நிலையிலும் கூடாது என்றும் தெளிவுபடுத்தியது. உயிருடன் இருப்பவர் தன் இரு கண்களின் படலங்களையும் கொடுத்துத் தன்னைக் குருடாக்கிக்கொள்வது ஹராம் என்றும் அதே தீர்மானத்தில் கூறப்பட்டுள்ளது.

சிங்கப்பூர் முஸ்லிம்களின் அனுபவம் நமக்கு ஒரு பாடமாகும். 1973இல் அங்குள்ள பத்வாக் குழு உறுப்பு தானத்தைத் தடுத்தது. 1986இல் சிறுநீரகத்தைக் கொடுப்பதை அனுமதித்தது. 2004இல் விழிவெண்படலம், ஈரல், இதயம் ஆகியவற்றையும் அனுமதியில் சேர்த்தது. மார்க்கம் மாறவில்லை. அறிஞர்கள் வைத்தியர்களிடம் கேட்டறிந்து, நோயாளிகளின் துயரத்தை நேரில் பார்த்து, ஆதாரங்களை மீண்டும் எடை போட்டார்கள்.

நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் கிதாபுகளிலும் இதற்கு அண்மித்த ஒரு மஸ்அலா உண்டு. கர்ப்பிணிப் பெண் ஒருவர் மரணித்து, வயிற்றிலுள்ள சிசு உயிருடன் பிழைக்கும் என்ற நம்பிக்கை இருக்குமானால், தாயின் வயிற்றைக் கீறிச் சிசுவை வெளியே எடுக்க வேண்டும் என்று இமாம்கள் எழுதியிருக்கின்றார்கள். மையித்தின் கண்ணியம் அங்கே மறக்கப்படவில்லை. உயிருள்ளவரின் தேவை முற்படுத்தப்பட்டது. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் அல் மஜ்மூஃ போன்ற பெருநூல்களைப் படித்தவர்கள் இதனை அறிவர். ஆகும் என்போர் இந்த அடிப்படையையே கண்ணுக்கும் பொருத்திப் பார்க்கின்றனர். எலும்பு முறித்தல் பற்றிய ஹதீஸ், மையித்தை அவமதிப்பதையும் தேவையின்றிச் சேதப்படுத்துவதையுமே தடுக்கிறது என்பது அவர்களுடைய விளக்கம்.

விழிவெண்படலத்தின் விடயத்தில் இன்னுமொரு இலகுவும் உண்டு. இதயம், ஈரல் போன்ற உறுப்புகளை எடுக்கும்போது, மூளைச் சாவு உண்மையான மௌத்தா என்ற பெரும் வாதம் எழுகின்றது. கண் படலத்திலோ அந்தச் சிக்கல் இல்லை. இதயம் நின்று, மூச்சு அடங்கி, எவ்விதச் சந்தேகமுமின்றி மரணம் உறுதியான பின்னரே அது எடுக்கப்படுகிறது.

நேயர்களே! இரு தரப்பினரும் நம் கண்ணியத்துக்குரிய உலமாக்கள். கொடுப்பவரைப் பாவி என்று தூற்றவும் வேண்டாம். கொடுக்கத் தயங்குபவரைக் கல்நெஞ்சர் என்று இகழவும் வேண்டாம். நீங்கள் நம்பும் உங்கள் ஊர் ஆலிமிடம் சென்று, நேரம் ஒதுக்கிக் கேளுங்கள். நான் அன்று செய்தது போல பள்ளிவாசல் வாசற்படியில் நின்று அவசரமாக முடிக்கும் விடயம் இதுவன்று.

மீண்டும் அந்த வாலிபரிடம் வருகிறேன். நான் படித்தறிந்தவற்றைக் கூறுவதற்காக அவருடைய வீட்டுக்குச் சென்றேன். மகன் ஏற்கனவே கண் தானப் படிவம் ஒன்றை எடுத்து வைத்திருந்தார். வாப்பா எதுவும் கூறவில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற உம்மாதான் அழுதுகொண்டு கேட்டார்: "கண்ணில்லாம எழும்பினா, மகன், மறுமையில நீ எப்படி உன்ட ரப்பப் பாப்பாய்?"

சுவர்க்கவாசிகள் தம் இரட்சகனைக் காண்பார்கள் என்பது நம் அகீதா. அந்தத் தாய் தன் மகனுக்காக அஞ்சியது, அந்தப் பாக்கியம் தவறிவிடுமோ என்றுதான். இதைவிட ஆழமான ஒரு கேள்வியை எந்தக் கல்விக்கூடத்திலும் நான் கேட்டதில்லை.

நான் அவருக்குக் கூறிய பதில் இதுதான். "உம்மா! ஹிஜ்ரி எட்டாம் ஆண்டு முஃதா யுத்தத்தில் ஜஃபர் இப்னு அபீ தாலிப் (ரழி) அவர்களின் இரண்டு கைகளும் வெட்டப்பட்டன. சுவர்க்கத்தில் அவருக்கு அல்லாஹ் இரண்டு சிறகுகளைக் கொடுத்தான் என்று நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறினார்கள். உஹதிலே ஹம்ஸா (ரழி) அவர்களின் உடல் சிதைக்கப்பட்டது. அவர் ஷஹீத்களின் தலைவர். கடலில் மீனுக்கு இரையானவரையும், தீயில் சாம்பலானவரையும் அல்லாஹ் முழுமையாக எழுப்புவான். விரல் நுனிகளைக்கூடச் சீராக அமைக்க ஆற்றலுள்ளவன் தான் என்று ஸூரத்துல் கியாமாவில் அவன் அறிவிக்கவில்லையா? கபுறில் வைத்த கண் சில நாட்களில் மண்ணாகிவிடும். நம் எல்லோருக்கும் அவன்தான் புதிதாகக் கண்களைத் தரவேண்டும். மறுமையில் குருடராக எழுப்பப்படுபவர் பற்றி ஸூரத்து தாஹா பேசுகிறது. அல்லாஹ்வின் நினைவைப் புறக்கணித்து வாழ்ந்தவரைப் பற்றித்தான் அங்கே கூறப்படுகிறது. உங்கள் மகன் தொழுகின்றார், உம்மா. அதைப் பற்றிக் கவலைப்படுங்கள், அதற்காக துஆச் செய்யுங்கள்."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே சென்றார். நான் அவரை வற்புறுத்தவில்லை.

இளைஞர்கள் என்னிடம் கேட்கும் வேறு இரண்டு கேள்விகளும் உண்டு. என் கண்ணைப் பெற்றவர் அதைக் கொண்டு ஹராமைப் பார்த்தால் எனக்குப் பாவமா? இல்லை. ஒருவருடைய பாவச் சுமையை மற்றவர் சுமப்பதில்லை என்பது குர்ஆன் பல இடங்களில் வலியுறுத்தும் நியதி. பார்ப்பது படலம் அன்று. பார்ப்பவர் அந்த மனிதர். பசித்தவருக்குச் சோறு கொடுத்தவர், உண்டு தெம்பு பெற்றவர் செய்யும் பாவத்துக்குப் பொறுப்பாளி ஆகமாட்டார்.

என் கண் முஸ்லிம் அல்லாத ஒருவருக்குப் பொருத்தப்பட்டால்? தாகத்தால் தவித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவரை அல்லாஹ் மன்னித்தான் என்றும், உயிருள்ள ஒவ்வொன்றுக்கும் உதவுவதில் கூலியுண்டு என்றும் கற்றுத் தந்த நபியின் உம்மத்தினர் நாம். வாப்பாவுக்குப் படலம் வந்தபோது, தந்தவரின் மார்க்கம் எது என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. கொடுக்கும்போது மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்பது எப்படி?

சிலர், இது ஸதகத்துல் ஜாரியாவா என்று கேட்கின்றனர். கூலியை அளப்பது என் வேலையன்று. நிய்யத்தை அறிபவனும் கூலி தருபவனும் அல்லாஹ்வே. பார்வைக் குறைவுள்ளவருக்கு வழி காட்டுவதையும் ஸதகாவாக எண்ணும் மார்க்கம் நம்முடையது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

இனி, பெற்றோர்களும் பிள்ளைகளும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய நடைமுறைகளைப் பார்ப்போம். நம் நாட்டில் உறுப்பு, இழைய தானம் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நடைபெறுகிறது. ஒருவர் வாழும்போதே எழுத்து மூலம் சம்மதம் தெரிவிக்கலாம். இலங்கைக் கண் தானச் சங்கத்திலும், கொழும்பு தேசிய கண் வைத்தியசாலையிலுள்ள தேசிய கண் வங்கியிலும் இதற்கான விபரங்களைப் பெறலாம். கண்ணாடி அணிபவர்களும், கண்புரைச் சத்திரசிகிச்சை செய்தவர்களும்கூடப் பெரும்பாலும் கொடுக்க முடியும். எயிட்ஸ், விசர்நாய்க்கடி நோய், சிலவகை ஈரல் அழற்சி, இரத்தப் புற்றுநோய் போன்றவற்றால் மரணித்தவர்களுடைய கண்கள் ஏற்கப்படுவதில்லை.

மரணித்து ஒரு சில மணித்தியாலங்களுக்குள் படலம் எடுக்கப்பட வேண்டும். ஆகவே மரணம் நிகழ்ந்தவுடனேயே தகவல் கொடுக்க வேண்டும். எடுப்பதற்கு அரை மணித்தியாலம் அளவே செல்லும். பின்னர் இமைகள் வழமைபோல மூடப்படும். முகம் விகாரமடைவதில்லை. அதன் பிறகு குளிப்பாட்டுதல், கபனிடுதல், ஜனாஸாத் தொழுகை யாவும் எப்போதும் போலவே நடைபெறும். ஜனாஸாவை விரைவாக அடக்க வேண்டும் என்ற சுன்னாவுக்கும் இது குறுக்கே நிற்பதில்லை. கண் எடுப்பவர்களுக்கும் விரைவே தேவை.

இங்கே என் மனதைத் தொட்ட ஒரு விடயத்தைக் கூறுகிறேன். மரணித்தவுடன் இமைகளை மூடி, அவற்றின் மேல் ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும், படலம் காய்ந்துவிடக் கூடாது என்பது வைத்தியர்களின் அறிவுரை. அபூ ஸலமா (ரழி) அவர்கள் மரணித்த வேளையில் திறந்தபடி இருந்த அவர்களுடைய கண்களை நபி (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தால் மூடிவிட்டார்கள். நாம் சுன்னாவாகச் செய்துவரும் அந்தச் சிறு செயலே, அந்தக் கண் இன்னொருவருக்குப் பயன்படுவதற்கும் முதற்படியாக அமைந்துவிடுகிறது.

அன்பின் பெற்றோர்களே! ஒன்றை ஆழமாகச் சிந்தியுங்கள். படிவத்தில் கையொப்பமிடுபவர் ஒருவர். அந்த நேரத்தில் தொலைபேசியை எடுக்க வேண்டியவர் வேறொருவர். மௌத்தானவருக்கு வாய் இல்லை. வீட்டில் அழுகுரல், உறவினர் வருகின்றனர், கபுறு வெட்ட ஆள் அனுப்ப வேண்டும். அந்த நேரத்தில், "இவருடைய விருப்பம் என்ன?" என்று யாராவது கேட்டால், முன்பே பேசியிராத குடும்பம் என்ன பதில் கூறும்? ஒருவர் ஆம் என்பார், ஒருவர் இல்லை என்பார். மையித்தின் தலைமாட்டில் நின்று நானாவும் தம்பியும் வாக்குவாதப்படுவதா? அந்த வாக்குவாதம் மையித்தின் கண்ணியத்தைக் குலைக்காதா? கொடுக்க வேண்டும் என்பவரும் கொடுக்க வேண்டாம் என்பவரும் தம் முடிவை வாழும்போதே வீட்டாரிடம் தெளிவாகக் கூறிவிடுவது நல்லது. கடன்களையும் அமானிதங்களையும் எழுதிவைப்பது போல இதையும் எழுதிவையுங்கள்.

அன்பின் இளைஞர்களே! உங்கள் ஆர்வத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் உம்மா வாப்பாவுக்குத் தெரியாமல் ஒரு படிவத்தை நிரப்பி ஒளித்து வைக்காதீர்கள். உங்கள் கண்ணுக்கு நீங்கள் வைத்திருக்கும் விலையைவிட அவர்கள் அதிகம் வைத்திருக்கிறார்கள். அந்தக் கண்களில் பால்குடிப் பருவத்தில் மை தீட்டியவர் உம்மா. காய்ச்சல் வந்த இரவுகளில் அவை திறக்கின்றனவா என்று பார்த்துக் காத்திருந்தவர் அவர். அவர் அழுதால் பொறுமையாக இருங்கள். கேள்வி கேட்டால் பதில் தேடுங்கள். பதில் கிடைக்காவிட்டால் ஆலிமை வீட்டுக்கு அழைத்து வாருங்கள். தர்க்கம் செய்து வெல்வதற்குரிய இடம் தாயின் முன்னிலை அன்று.

அதேவேளை, மரணத்தின் பின் கண் கொடுப்பதாக எழுதிவிட்டோம் என்ற திருப்தியில், உயிருள்ள கண்ணை மறந்துவிடவும் வேண்டாம். அல்லாஹ் ஓர் அடியானின் இரண்டு பிரியமான பொருட்கள் என்று கண்களைக் குறிப்பிட்டு, அவற்றை இழந்து பொறுமை கொண்டவருக்குச் சுவர்க்கத்தை வாக்களிக்கும் ஹதீஸ் குத்ஸீ உண்டு. அத்தகைய கண்ணால் இன்று நாம் எதைப் பார்க்கிறோம்? கொடுப்பதாயின் தூய்மையான கண்ணைக் கொடுப்போம். வயலிலும் பட்டறையிலும் வேலை செய்யும் நம் சகோதரர்கள் பாதுகாப்புக் கண்ணாடி அணியட்டும். கண்ணில் ஏதும் பட்டுச் சிவந்தால் அன்றே வைத்தியரிடம் செல்லட்டும். அந்த வாப்பா தாமதித்த சில வாரங்கள் அவருடைய பார்வையைப் பறித்தன என்பதை மறவாதீர்கள்.

கடைசியாக, அந்த வீட்டில் நடந்ததைக் கூறி முடிக்கிறேன். நான் சென்று வந்து சில மாதங்களின் பின்னர் அந்த மகன் என்னைச் சந்தித்தார். படிவத்தில் கையொப்பமிட்டதாகவும், வாப்பா தானும் ஒரு படிவம் கேட்டதாகவும் கூறினார். "உம்மா?" என்று கேட்டேன். "உம்மா தனக்கு இன்னும் மனம் வரவில்லை என்கிறார். ஆனால் என்னுடைய படிவத்தை வாங்கி, குர்ஆன் வைக்கும் அலுமாரியில் அவரேதான் வைத்திருக்கிறார். தேவை வந்தால் தேடிக்கொண்டிருக்கக் கூடாது என்று சொன்னார்" என்றார்.

மகன் தனக்கு முன்பே போய்விடும் நாளை எந்தத் தாயும் நினைத்துப் பார்க்க விரும்பமாட்டாள். அதை நினைத்துப் பார்த்து, தன் மனம் ஒப்பாத போதும் மகனின் விருப்பத்தை அமானிதமாகப் பேணிய அந்தத் தாயிடம் நான் பாடம் கற்றேன். அன்று இரவு என் மனைவி மக்களை அழைத்து அமரச் செய்து, என் விருப்பத்தையும் அவர்களிடம் கூறினேன். எங்கள் வீட்டிலும் கண்ணீர் வந்தது. ஆனால் பேசி முடித்தோம்.

நீங்களும் இன்றிரவு பேசுங்கள். எந்த முடிவுக்கு வந்தாலும் அறிவோடும் அன்போடும் வாருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் கண்களை நீ விரும்பும் காட்சிகளில் நிலைக்கச் செய்வாயாக! பார்வை இழந்தோருக்குப் பார்வையையும் பொறுமையையும் தருவாயாக! முகம் தெரியாமல் எங்களுக்கு உதவியோரின் குடும்பங்களுக்கு நன்மை செய்வாயாக! எங்கள் கண்கள் மூடும் வேளையில் நாவில் கலிமாவைத் தந்து, அவை மீண்டும் திறக்கும் நாளில் உன்னைக் காணும் பாக்கியத்தையும் தருவாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.